மெம்பர் மாமியின் இடப்பக்கம்

அந்த நோட்டுப் புத்தகத்துக்குக் கறுப்பு அட்டை, முதுகில் சிவப்புத் துணி. கனமானது, இரண்டு கைகளாலும் தூக்க வேண்டும். திறந்தால் வலப்பக்கம் எல்லாம் என் கையெழுத்து. இடப்பக்கம் பெரும்பாலும் வெறுமை. எப்போதாவது அதில் சில வரிகள், மேலே தேதியிட்டு, வேறொருவர் கையால், ஒன்றின்மேல் ஒன்று ஏறியபடி சாய்ந்து கிடக்கும். கண் மங்கிய ஒருவர் எழுதியவை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். புத்தகத்தைத் தைத்துக் கொடுத்த பைண்டர் பாய், மயிலாப்பூர்க் கடைவீதியில் பரம்பரையாக அந்தத் தொழில் செய்துவந்தவர், ஒருமுறை பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாதி நோட்டு காலியா கீதே அம்மா, காயிதம் கெடைக்காத காலத்துல" என்று வருத்தப்பட்டார். போர்க்காலம் அது. காகிதத்துக்கு உண்மையாகவே தட்டுப்பாடு. "அது எனக்கு வேணும் பாய். நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சா எழுத எடம் வேண்டாமா?" என்றார் புத்தகத்துக்குரியவர். பாய் சிரித்தார். "அப்ப மத்த மெம்பருங்களுக்கு ஒரு பக்கமே போதும்" என்றார்.

புத்தகத்துக்குரியவரை எங்கள் தெருவில் மெம்பர் மாமி என்பார்கள். கால்வாய்க் கரையில் மெம்பரம்மா. மயிலாப்பூரின் தென்பகுதிக்கும் மந்தைவெளிக்கும் நகரசபை உறுப்பினராக இருந்தார். அந்த நாளில் சபையில் இருந்த பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது, மற்றதிலும் தொடங்கியிருந்தது. எனவே பேச்சுகளைச் சொல்லச் சொல்ல எழுதவும், மேடையில் வாசிப்பதற்காக அவற்றைப் பெரிய எழுத்தில் தனித்தாளில் படியெடுக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அடுத்த தெரு. கல்லூரியில் சேர்ந்த ஆண்டு. எழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று என் தாயார் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்து, என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அவருடைய வழக்கம் விசித்திரமானது. பேச்சு வலப்பக்கத்தில் இருக்கும். பின்னால் எண்ணம் மாறினால் பழையதை அடிக்கமாட்டார், கிழிக்கமாட்டார்; அதற்கு நேரெதிரே இடப்பக்கத்தில், மாறிய எண்ணத்தைத் தம் கையாலேயே எழுதுவார். அதை மட்டும் என்னிடம் சொல்லி எழுதுவிப்பதில்லை. அதே பொருளைப் பற்றி மறுபடி பேச நேர்ந்தால், முதலில் பழைய பேச்சைச் சபையிலேயே வாசித்துவிட்டு, "இது நான் சொன்னது. இப்போது இப்படிச் சொல்கிறேன். காரணம் இது" என்று தொடங்குவார். மற்ற உறுப்பினர்கள் நகைப்பார்கள். தியாகராய நகர் வக்கீல் ஒருவர், தாம் இருபது ஆண்டுகளாக ஒரு கருத்தைக்கூட மாற்றிக்கொண்டதில்லை என்று சொல்லிக்கொள்பவர், "அம்மையார் இன்று எந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறார்?" என்று எழுந்து கேட்பார். மாமிக்கு அது உறைக்காமல் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே சொல்லிப் பொருமுவார். பாராட்டில் ஆசையுள்ளவர் அவர். எந்தப் பத்திரிகையில் எத்தனை வரி வந்தது என்று என்னை எண்ணச் சொல்வார். இதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னால் நடந்ததற்கு இது தேவை.

நான் அவருக்காக எழுதிய முதல் பேச்சு கால்வாய்க் கரைக் குடிசைகளைப் பற்றியது. போர் தொடங்கிய மறு ஆண்டுக் கோடையில் மயிலாப்பூரில் வாந்திபேதி பரவியது. கால்வாய் நீரே காரணம் என்றார்கள் மருத்துவர்கள். கரையில் வரிசை வரிசையாகக் குடிசைகள். அந்த நீரிலேயே எல்லாம். மாமி சபையில் எழுந்து, "கால்வாய்க் கரையில் இருப்பது குடியிருப்பு அன்று, நோயின் விளைநிலம். அதை உடனே அகற்ற வேண்டும்" என்றார். அந்தத் தொடர் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. தெப்பக்குளத்தின் படிகளில் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள் வாயில் அது ஒரு மாதம் புழங்கியது. அதை எழுதிய கை என்னுடையது என்பதில் எனக்குப் பெருமை. அந்த ஆண்டே குடிசைகளில் ஒரு வரிசை பிரிக்கப்பட்டது. அங்கிருந்தவர்கள் கிண்டிக்கு அப்பால் ஒரு பொட்டலுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் பலர் திரும்பி வந்து, பழைய இடத்திலேயே ஓலை வேய்ந்துகொண்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஏன் வந்தார்கள் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

நாற்பத்திரண்டாம் ஆண்டுச் சித்திரையில் ஊர் காலியாயிற்று. குண்டு விழப்போகிறது என்ற அச்சம். அலுவலகங்கள் பெயர்ந்தன, வீடுகள் பூட்டப்பட்டன. நாங்கள் தஞ்சைப் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். மாமி போகவில்லை. ஆவணியில் நாங்கள் திரும்பிய பிறகு, விட்டுப்போன வேலையைத் தொடர்வதற்காக நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். கால்வாய்ப் பேச்சுக்கு நேரே, அதுவரை வெறுமையாக இருந்த இடப்பக்கம் நிறைந்திருந்தது. அந்த வரிகளை நான் பலமுறை படித்திருப்பதால் இங்கே பிழையின்றித் தர முடியும்: 'எங்கள் தெருவில் விளக்கெரியும் வீடுகள் மூன்று. தண்ணீர்க் குழாயைத் திறப்பவன் வருகிறான். குப்பை அள்ளுபவள் வருகிறாள். விறகு வருகிறது. இவர்கள் எல்லோரும் கால்வாய்க் கரையிலிருந்து வருகிறார்கள். நோயின் விளைநிலம் என்றேன். ஊர் ஓடியபோது ஓடாமல் நின்றது அந்த நிலந்தான். இவர்களைத் தொலைவில் கொண்டுபோய் வைத்தால் இவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று நான் அன்று கேட்கவில்லை. கேட்காதது என் குற்றம்.'

என் தகப்பனார் பள்ளிக்கூடத் தமிழாசிரியர். சொன்ன சொல்லிலிருந்து வழுவாமை அவருக்கு அறங்களில் முதல் அறம். மாமியின் மனமாற்றத்தை நான் வீட்டில் சொன்னபோது, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நேத்திக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. இதுக்குப் பேர் கொள்கையாம்மா? சந்தையிலே வெலை சொல்றவனுக்கும் இவாளுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். எனக்கும் ஏறக்குறைய அதே எண்ணந்தான். கொள்கை என்பது கல்லில் வெட்டியதுபோல் இருக்க வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன். மாமியின் மேல் எனக்கிருந்த மதிப்போடு இந்த நம்பிக்கை ஒட்டவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள ஒரே வழி, மாமி மாறியது வெளியில் அதிகம் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று எனக்குள்ளேயே ஒரு சமாதானம் செய்துகொண்டேன் போலும்.

மறு ஆண்டு மாசியில் சோதனை வந்தது. எஞ்சிய குடிசைகள் அனைத்தையும் அகற்றும் தீர்மானம் சபையின் முன் வைக்கப்பட்டது. கொண்டுவந்தவர் வக்கீல். அவர் ஆதாரமாகக் காட்டியது மாமியின் பழைய பேச்சு. மாமி எதிர்ப்பதாக அறிவித்தார். அங்கே குடியிருப்பவர்களே கையொப்பமோ கைரேகையோ இட்டு, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் தீர்மானத்தை ஒத்திவைக்கலாம் என்று சபையில் முடிவாயிற்று. விண்ணப்பம் இல்லையென்றால் சித்திரைக்குள் கரை வெறுமையாகிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கால்வாய்க் கரையிலேயே கூட்டம் என்று ஏற்பாடாயிற்று. இதற்குள் மாமியைப் பச்சோந்தியாக வரைந்த துண்டுப் பிரசுரம் ஒன்று லஸ் முனையில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. பச்சோந்திக்கு மாமியின் மூக்குத்தியைக்கூட விடாமல் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மாமி பேச்சைச் சொன்னார். "மொதல்ல பழசை வாசிச்சுடறேன், அப்படியே, ஒரு வார்த்தை விடாம. அப்பறம் மத்தது" என்று தொடங்கினார். நான் எழுதிக்கொண்டேன். மாலையில் வீட்டுக்கு எடுத்துவந்து பெரிய எழுத்தில் படியெடுக்க உட்கார்ந்தபோது, அந்த முதல் பகுதியில் கை நின்றது. குடிசைவாசிகளின் முன் போய் நின்று அவர்களை நோயின் விளைநிலம் என்று ஒருவர் வாசிப்பதை எண்ணிப் பார்த்தேன். கூட்டத்தில் வக்கீலின் ஆட்கள் இருப்பார்கள். கூச்சல் எழும். பச்சோந்திப் படம் மேஜைமேல் கிடந்தது. முதல் பகுதியை விட்டுவிட்டு, 'இந்தக் கரை உங்களுடையது' என்று தொடங்கும் இரண்டாம் பகுதியிலிருந்து எழுதினேன். அழகாக இருந்தது. பேச்சுக்கு அதுவே நல்ல தொடக்கம் என்று இலக்கிய மாணவியான எனக்குத் தோன்றியது. அந்தப் பருவத்தில்தான் கல்லூரியில் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். தனக்குச் சரியென்று படும் பாடத்தை மேலே வைத்தாலும், மற்ற ஏடுகளில் கண்டதை அடிக்குறிப்பில் தராமல் மறைக்கும் பதிப்பாசிரியன் நம்பத்தகாதவன் என்று வெள்ளிக்கிழமை வகுப்பில் குறிப்பெடுத்திருக்கிறேன். சனிக்கிழமை இதைச் செய்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

கரையில் நல்ல கூட்டம். விறகுப் படகுகள் ஓரத்தில் கட்டியிருந்தன. கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெஞ்சின்மேல் விண்ணப்பமும் மைப்பெட்டியும் தயாராக இருந்தன. மாமி முதல் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். சற்றே நின்றார். தாளைத் தாழ்த்தி என் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு, "இந்தக் கரை உங்களுடையது" என்று வாசித்தார். கூட்டம் கைதட்டியது, நீண்ட நேரம் தட்டியது. அவர் தொடர்ந்து வாசித்தார். நன்றாகவே வாசித்தார். முடித்துவிட்டு, விருப்பமுள்ளவர்கள் முன்வந்து ரேகை வைக்கலாம் என்றபோது, முதலில் எழுந்து வந்தவள் கன்னியம்மா. படகில் வரும் சவுக்கு விறகைத் தலைச்சுமையாக எங்கள் தெருக்களுக்குக் கொண்டுவந்து போடுபவள். எனக்கு முகம் தெரியும். அவள் மைப்பெட்டியைத் தொடவில்லை.

"மெம்பரம்மா, ஒண்ணு கேக்கறேன். எங்கள நோவு வெளயிற நெலம்னு சொன்னது நீதானே?"

"நான்தான்" என்றார் மாமி.

"என் குடிசைய பிரிச்சப்போ ஓவர்சீரு பேப்பர்ல அத்த படிச்சிக் காட்னாரு. கிண்டிக்கு அந்தாண்ட கொண்டு போய் போட்டாங்க. வெறகு போட நடந்தே வந்து நடந்தே போனேன், மசக்கையோட. நடந்து நடந்து அந்த கொயந்த தங்கல. நான் அதுக்கு ஒன்னிய திட்டல. இப்ப இத்தன பேசினியே, அத்த ஏன் சொல்லல?"

மாமி வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு படகுக்காரர், "காத்து எந்தப் பக்கமோ பாய் அந்தப் பக்கம். நம்ம மெம்பரு சோக்கா ஓட்டுது படக" என்றார். சிரிப்பு எழுந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் வசைபாடவில்லை. வசைபாடியிருந்தால் தாங்கியிருக்கலாம். விண்ணப்பத்தில் ஒரு ரேகைகூட விழவில்லை.

வீட்டை நெருங்கியதும் மாமி திருப்பத்தில் நின்று, முதல் பகுதி எங்கே என்றார். நான் எடுத்துவிட்டேன் என்றேன். காரணம் சொல்லத் தொடங்கினேன், கேட்டுக்கொள்ளவில்லை. "நீ எடுத்தே. ஆனா எனக்கு மொதல் வரியிலேயே தெரிஞ்சுடுத்து. தாள்ல இல்லேன்னா என்ன, எனக்கு மனப்பாடந்தானே? சொல்லத்தான் நெனைச்சேன். கை தட்டினா. காதுக்கு நன்னா இருந்தது. விட்டுட்டேன்" என்றார். என்னைத் தேற்றவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. என் பிழையோடு தம் பிழையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. இழந்த குழந்தையைப் பற்றி ஒரு பெண் அத்தனை பேர் முன்னிலையில் சொன்னது, நான் மறைத்த ஒரு பத்தியினால். எங்களிடமிருந்து வந்திருக்க வேண்டிய உண்மையை அவள் தன் துயரத்தைக் கொண்டு வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் மாமி என்னை அழைத்துக்கொண்டு கரைக்குப் போனார். மேடை இல்லை, பெஞ்சு இல்லை. நோட்டுப் புத்தகத்தை நான் சுமந்தேன். கன்னியம்மா படகிலிருந்து விறகு இறக்கிக்கொண்டிருந்தாள். "நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன். கொஞ்சம் நிக்கறயா?" என்றார் மாமி. அவள் தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். புத்தகத்தின் எழுத்து சிறியது. மாமியால் வாசிக்க முடியாது. எனவே நான் வாசிக்க வேண்டியதாயிற்று. நோயின் விளைநிலம் என்ற தொடரை, அந்த நிலத்தின்மேல் நின்று, அதில் குடியிருப்பவளின் முகத்தெதிரே, என் வாயால் சொன்னேன். குரல் இறங்கியது. "சத்தமா வாசி" என்றார் மாமி. சிலர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வலப்பக்கம் முழுதும் வாசித்தேன். பிறகு இடப்பக்கம். விளக்கெரிந்த மூன்று வீடுகளைப் பற்றிய இடம் வந்தபோது, முந்தைய நாள் கேலி செய்த படகுக்காரர், "அப்ப ஒங்க வூட்டுக்கு வெறகு போட்டது நான்தான்" என்று மெதுவாகச் சொன்னார்.

கன்னியம்மா கைகளில் ஒட்டியிருந்த பட்டைத் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். "சரி. இப்ப மாத்திக்கினே. நாளைக்கு திரும்பவும் மாத்திக்கினா?"

அந்தக் கேள்விக்கு ஓர் அரசியல்வாதி சொல்லக்கூடிய விடை என்ன என்பது எனக்குத் தெரியும். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் அதைத்தான் எதிர்பார்த்தது. மாமி, "மாத்திக்கலாம். மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா மாத்திண்டா, சபையிலே வாயைத் தெறக்கறதுக்கு முன்னாடி, ஒங்கிட்ட வந்து சொல்றேன்" என்றார். கன்னியம்மா புடவைத் தலைப்பில் கட்டைவிரலைத் துடைத்தாள். "மை கொண்ணாந்துகிறியா?" என்று என்னைக் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பேர் ரேகை வைத்தார்கள். பாதிப் பேர் கடைசிவரை வைக்கவில்லை. பாதி போதுமானதாக இருந்தது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. குடிசைகள் நின்றன.

அந்த ஆண்டு ஐப்பசியில் வந்த மழை இவ்வூரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். கூவமும் அடையாறும் கரை கடந்தன. இரண்டையும் இணைக்கும் கால்வாய் ஒரே விடியற்காலையில் ஏறி, கரைக் குடிசைகளை வாரிக்கொண்டு போயிற்று. பெரும்பாலோர் ஓடித் தப்பினார்கள். கன்னியம்மாவின் மாமியார், நடக்க மாட்டாதவர், தப்பவில்லை. செய்தி எங்களுக்கு மறுநாள் வந்தது. மாமி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். எங்கள் இருவர் மனத்திலும் ஓடியது ஒன்றேதான்: முதலில் சொன்னபடி அகற்றியிருந்தால் அந்தக் கிழவி உயிரோடு இருந்திருப்பார். வக்கீலும் அதையே சபையில் சொல்லக் காத்திருந்தார் என்று அறிந்தோம். அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் வீடிழந்த நான்கு குடும்பங்களைத் தம் கார் ஷெட்டில் மூன்று வாரம் வைத்திருந்து சோறு போட்டவர் அவர். அவருக்குக் கொள்கை இல்லை என்று நான் ஒருநாளும் எழுதமாட்டேன். கரையில் குடிசை கூடாது என்ற ஒரே கருத்தை முதலிலிருந்து கடைசிவரை வைத்திருந்தார். அது கடைசியில் சரியாகவும் போயிற்று. ஆனால் கிண்டிக்கு அப்பால் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் ஒருமுறையும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், ஒருவேளை, அவரும் ஒரு வரியையேனும் மாற்ற நேர்ந்திருக்கும்.

மாமி சென்ற ஆண்டு காலமானார். அவருடைய பேச்சுகளைத் தொகுத்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். தொகுக்கும் பணி என்னிடம் வந்திருக்கிறது. இது சுதந்திரம் வந்த பிற்பாடு. நேற்றுவரை ஒரு கட்சியைத் தூற்றியவர்கள் இன்று அதன் மேடையில் மாலையோடு அமர்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறோம். அவர்களில் யாரும் தம் பழைய பேச்சை முதலில் வாசித்துவிட்டுத் தொடங்கியதாக நான் கேட்டதில்லை. மலர்க் குழுவினரும், வேற்றுமை தெரியாதபடி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கருத்தாக, இறுதிக் கருத்தாக எடுத்துத் தொகுத்தால் அம்மையாரின் பெருமைக்கு நல்லது என்கிறார்கள். என் தகப்பனாரும் அதையே சொல்கிறார், அவர் அன்பினால். நான் இரண்டு பக்கங்களையும் எதிரெதிரே அச்சிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். மாறாதவர்களுக்குத்தான் நெறி உண்டு என்று இளமையில் நினைத்திருந்தேன். மாறுபவர்களுக்கு உண்டு என்றும் இப்போது பொதுவாகச் சொல்லத் துணியவில்லை, பெரும்பாலோருக்கு இல்லை. ஒருவர் மாறியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளம் வடிந்த நான்காம் நாள் சபை கூடவிருந்தது. கரையில் குடியிருப்பு இனி இருக்கக் கூடாது, ஆனால் கிண்டிக்கு அப்பால் அனுப்பாமல் மந்தைவெளியிலேயே மேட்டு நிலத்தில் இடம் தர வேண்டும் என்று பேச மாமி முடிவு செய்திருந்தார். (பின்னால் பாதிக் குடும்பங்களுக்குத்தான் அங்கே இடம் கிடைத்தது.) காலையில் என்னை அழைத்துக்கொண்டு, மக்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே கன்னியம்மா இல்லை. கார்ப்பரேஷன் லாரியில் பலரைக் கிண்டிப் பக்கம் ஏற்றிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். அவளும் போயிருப்பாள் என்று நான் நினைத்தேன். மாமி கரைக்குப் போகலாம் என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேற்றில், அந்தக் கண்களோடு நடந்தார். குடிசைகள் நின்ற இடத்தில் சேறும் ஓலையும் கழிகளுமே இருந்தன. கவிழ்ந்த படகு ஒன்றின்மேல் கன்னியம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வருவதைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

மாமி அவளுக்கு எதிரே நின்றார். மூச்சு வாங்கியது. "நான் மறுபடியும்..." என்று தொடங்கினார், "ஒங்க மாமியார்..." என்றார், மேலே போக முடியவில்லை. சபையில் யாருக்கும் அஞ்சாத குரல் அது.

"தெரியும்" என்றாள் கன்னியம்மா. "லாரி வந்துச்சி. அல்லாரும் ஏறிக்கினாங்க. என்னியும் கூப்டாங்க. நீ வந்து சொல்றேன்னியே, அதான் குந்திக்கினு கீறேன்."

மாமி தலையைக் குனிந்துகொண்டார். கன்னியம்மா படகின்மேல் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"குந்து. சொல்லு, கேக்கறேன்."